மவுஸ் அசையாத பழைய லினக்ஸ்



சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லி தாண்டி வந்தால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் தண்டலம் வரும். சாலையோரத்தில் பொறியியல் கல்லூரிகள், காலையும் மாலையும் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள், அதற்கப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று அரசின் சிப்காட் தொழில் வளாகங்கள். 2006-ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்யத் தொடங்கியது. 2007-ல் டெல் நிறுவனம் கம்ப்யூட்டர் ஆலை திறந்தது. நோக்கியா 2014-ல் மூடப்பட்டாலும், மின்னணுப் பொருள் செய்கிற பெயர் இந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் செய்கிற இதே வட்டாரத்தில், வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்த பழைய கம்ப்யூட்டர்களும் நிறைய. கம்பெனி கழித்துக் கட்டியதை ஏலத்தில் எடுத்தது, சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, அக்காவுக்கோ அண்ணனுக்கோ பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் என்று எத்தனையோ. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் ஓடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். போட்டும் பார்த்திருப்பார்கள். திரை வரும், படம் வரும், அம்புக்குறி மட்டும் நடுவில் நின்றுவிடும். "மவுஸ் வேலை செய்யல, மிஷின் போச்சு" என்று திரும்பவும் துணியைப் போர்த்திவிடுவார்கள்.

அந்த மிஷின் போகவில்லை, நேயர்களே. மவுஸ் நின்று போனதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். வரிசையாகத் தேடினால் அது அகப்படும். அப்படித் தேடுகிற முறையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இது ஏதோ கம்ப்யூட்டர் பிரியர்கள் நாலு பேரின் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். லினக்ஸைப் பெரிய அளவில் எடுத்துப் புழங்கிய மாநிலம் தமிழ்நாடு. 2006, 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசு ஊழியர்களுக்கும் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோக முயற்சி நடந்தது. அதே காலத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆக, தமிழ்நாட்டில் ஏராளமான பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட சொந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்தது.

இன்னொரு நியாயமும் உண்டு. பழைய கம்ப்யூட்டர்களில் பல 32 பிட் வகை. புதிய லினக்ஸ் வெளியீடுகள் அந்த வகையை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. உபுண்டு 2017-லேயே அதற்கான டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்தியது. நீண்ட காலம் தாங்கிப் பிடித்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கம்ப்யூட்டருக்கான நிறுவலை விட்டுவிட்டது. எனவே பழைய மிஷினுக்குப் பழைய லினக்ஸே கதி என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. பட்டறைகளிலும் இப்படித்தான். லினக்ஸ்-சிஎன்சி என்ற மென்பொருளைக் கொண்டு கடைசல், மில்லிங் இயந்திரங்களை ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களில் பலர் பேரலல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரையே தேடி வாங்குவார்கள். ஒருமுறை அளவெல்லாம் சரிபார்த்து ஓடத் தொடங்கிவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரையும் அதன் லினக்ஸையும் யாரும் மாற்ற மாட்டார்கள். அங்கே மவுஸ் நின்றால் சரிசெய்வதுதான் வழி.

சரி, மவுஸ் கம்ப்யூட்டரோடு எப்படிப் பேசுகிறது? அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் குழு 1964-ல் மரக்கட்டையில் முதல் மவுஸைச் செய்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கூடியிருந்தவர்கள் முன் அதை இயக்கிக் காட்டினார்கள். அன்று முதல் இன்று வரை மவுஸ் சொல்கிற செய்தி ஒன்றுதான்: பக்கவாட்டில் இவ்வளவு நகர்ந்தேன், மேலும் கீழுமாக இவ்வளவு நகர்ந்தேன், இந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். இந்தச் செய்தி வருகிற வழியும், சொல்கிற முறையும்தான் காலத்துக்குக் காலம் மாறின.

முக்கிய வழி மூன்று. முதலாவது சீரியல். ஒன்பது ஊசி உள்ள, இரண்டு பக்கமும் திருகாணி வைத்த பழைய இணைப்பு. இரண்டாவது பிஎஸ்-2. ஐபிஎம் நிறுவனம் 1987-ல் கொண்டு வந்த வட்டமான இணைப்பு; ஆறு ஊசி, பிற்காலத்தில் மவுஸுக்குப் பச்சை நிறம், கீபோர்டுக்கு ஊதா நிறம். மூன்றாவது இன்று எல்லோருக்கும் தெரிந்த யுஎஸ்பி. அது 1996-ல் வந்தது. லினக்ஸில் அதற்கான ஆதரவு சரியாக நிலைபெற்றது 2001 தொடக்கத்தில் வந்த 2.4 கர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் 2.4 பதிப்பில். அதற்கு முந்தைய லினக்ஸில் யுஎஸ்பி மவுஸைச் சொருகிவிட்டு அசையவில்லை என்றால் மவுஸைக் குறை சொல்ல முடியாது.

இப்போது தேடலுக்கு வருவோம். முதல் கேள்வி, உடம்பு சரியாக இருக்கிறதா என்பது. ஆப்டிக்கல் மவுஸ் என்றால் அடியில் சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். கண்ணாடி மேசை மேல் வைக்காமல் ஒரு காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். உருண்டை போட்ட பழைய மவுஸ் என்றால் அடி மூடியைத் திருப்பி உருண்டையை வெளியே எடுங்கள். உள்ளே இரண்டு சிறு உருளைகள் தெரியும். அவற்றின் நடுவில் அழுக்கு வளையமாகப் படிந்திருக்கும். நகத்தாலோ தீக்குச்சியாலோ மெல்லச் சுரண்டி எடுத்தால் போதும். சீரியல் மவுஸ் சிலவற்றின் அடியில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். இரண்டு பொத்தான் முறையா, மூன்று பொத்தான் முறையா என்று மாற்றுகிற சுவிட்ச் அது. கை தவறி நகர்ந்திருந்தால் மவுஸ் வேறு முறையில் பேசத் தொடங்கிவிடும், லினக்ஸுக்குப் புரியாது.

பிஎஸ்-2 மவுஸில் இரண்டு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடுங்கிச் சொருகக் கூடாது. அந்த இணைப்பு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. போர்டு பழுதாகவும் வாய்ப்புண்டு. நிறுத்திவிட்டு, சொருகி, பிறகு ஓட விடுங்கள். இரண்டாவது, யுஎஸ்பி மவுஸின் முனையில் மாட்டுகிற பச்சை நிற அடாப்டர். கடையில் அதை வாங்கி எந்த மவுஸிலும் மாட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அடாப்டருக்குள் கம்பி இணைப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. யுஎஸ்பி, பிஎஸ்-2 இரண்டு முறையும் அறிந்த மவுஸ் மட்டும்தான் அதோடு வேலை செய்யும். மற்ற மவுஸில் மாட்டினால் எத்தனை முறை சொருகினாலும் பயன் இருக்காது.

இரண்டாவது கேள்வி, மவுஸ் வந்திருப்பது கர்னலுக்குத் தெரிகிறதா என்பது. இதற்கு மவுஸே வேண்டாம்; கீபோர்டு போதும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பல பழைய லினக்ஸ்களில் கறுப்புத் திரையில் வெறும் எழுத்து வரும். பயப்பட வேண்டாம், அது லினக்ஸின் பழைய முகம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-7 அழுத்தினால் பழைய திரைக்குத் திரும்பிவிடலாம். கறுப்புத் திரையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தைத் தட்டி என்டர் அழுத்துங்கள். தொடங்கியதிலிருந்து கர்னல் என்னென்ன பார்த்தது என்ற குறிப்பு முழுவதும் ஓடும். அதில் மவுஸ் என்ற சொல்லோ, யுஎஸ்பி சாதனம் என்ற வரியோ இருக்கிறதா தேடுங்கள். பிஎஸ்-2 மவுஸ் என்றால் இன்னும் உறுதியான சோதனை உண்டு. ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் 12 என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். மவுஸை நகர்த்திவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். அந்த வரியில் எண் கூடியிருந்தால், மவுஸ் சொல்கிற செய்தி கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்கிறது என்று பொருள்.

மூன்றாவது கேள்வி, வந்த செய்தி எந்தக் கோப்பில் விழுகிறது? லினக்ஸில் சாதனங்களும் கோப்புகளாகவே காட்சி தரும். சீரியல் மவுஸ் என்றால் முதல் போர்ட்டுக்கு டெவ் என்ற அடைவுக்குள் டிடிஒய்-எஸ்-சைபர். பிஎஸ்-2 என்றால் அதே அடைவுக்குள் பிஎஸ்-ஆக்ஸ். 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னல் முதல் பிஎஸ்-2, யுஎஸ்பி இரண்டையும் சேர்த்துப் பொதுவாக ஒரே இடம்: டெவ், அதற்குள் இன்புட், அதற்குள் மைஸ். சி, ஏ, டி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து என்டர் அழுத்துங்கள். ரூட், அதாவது நிர்வாகி அனுமதி தேவைப்படலாம். திரை காத்திருக்கும். இப்போது மவுஸை லேசாக நகர்த்துங்கள். புரியாத குறிகளும் கிறுக்கல்களும் திரையில் கொட்டும். பார்க்கிற பிள்ளைகள் ஏதோ கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. மவுஸ் நகர்ந்ததும் நகர்ந்த அளவும் எண்களாக வந்து, எழுத்தாகக் காட்டப்படுகின்றன. மவுஸும் சரி, கம்பியும் சரி, கர்னலும் சரி என்று ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. கன்ட்ரோல், சி அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

ஆக, மிச்சம் இருப்பது நான்காவது கேள்வி: அந்தக் கோப்பைப் படிக்க வேண்டியது யார், எப்படிப் படிக்கிறது? படம் காட்டுகிற பகுதிக்கு எக்ஸ் என்று பெயர். பழைய லினக்ஸில் எக்ஸ் தானாக எதையும் கண்டுபிடிக்காது. எக்ஸ்எஃப்86-கான்ஃபிக் என்றோ, 2004-க்குப் பிறகு எக்ஸ்-ஆர்க் கான்ஃப் என்றோ ஒரு கோப்பில் நாம் எழுதி வைத்ததைத்தான் நம்பும். அதில் மவுஸுக்கான பகுதியில் இரண்டு வரி முக்கியம். டிவைஸ் என்ற வரி, எந்தக் கோப்பைப் படிப்பது என்று சொல்கிறது. ப்ரோட்டோகால் என்ற வரி, எந்த முறையில் படிப்பது என்று சொல்கிறது. பழைய லினக்ஸின் மவுஸ் சிக்கல்களில் பெரும்பங்கு இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். டிவைஸ் தவறாக இருந்தால் அம்புக்குறி அசையவே அசையாது. ப்ரோட்டோகால் தவறாக இருந்தால் நடப்பது வேறு. மவுஸைத் தொட்டவுடன் அம்புக்குறி திரையின் மூலைக்குப் பறக்கும். தானாக மெனுக்கள் திறக்கும், யாரும் அழுத்தாமல் எதையெதையோ கிளிக் செய்யும். வைரஸ் வந்துவிட்டது என்று மிஷினையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு.

அது ஏன் என்று சொல்கிறேன். சாதாரண பிஎஸ்-2 மவுஸ் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட் அனுப்பும். முதல் பைட்டில் பொத்தான்கள், இரண்டாவதில் பக்கவாட்டு நகர்வு, மூன்றாவதில் மேல்கீழ் நகர்வு. 1996-ல் மைக்ரோசாஃப்ட் சக்கரம் வைத்த இன்டெலிமவுஸைக் கொண்டு வந்தபோது, சக்கரத்துக்காக நான்காவது பைட் சேர்ந்தது. கம்பெனி வாயிலில் வருகைப் பதிவு வாசிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், டிக்கெட் எண், வந்த நேரம், ஷிப்ட் என்று நாலு நாலாக ஒருவர் வாசிக்கிறார். எழுதிக்கொள்பவர் மூன்று மூன்றாக எழுதுகிறார். இரண்டாவது ஆளிலேயே ஷிப்ட் பெயராகிவிடும், பெயர் டிக்கெட் எண்ணாகிவிடும். மவுஸிலும் இதே கதைதான். நகர்வைச் சொல்ல வந்த பைட்டை எக்ஸ் பொத்தான் என்று படிக்கிறது. அதனால்தான் தானாகக் கிளிக் ஆகிறது. ப்ரோட்டோகால் வரியில் பிஎஸ்-2 என்று இருப்பதை ஐஎம்பிஎஸ்-2 என்று மாற்றி, அடுத்த வரியில் இசட் ஆக்சிஸ் மேப்பிங் 4, 5 என்று கொடுத்தால் அம்புக்குறியும் அடங்கும், சக்கரமும் உருளும். சக்கரம் இல்லாத மவுஸுக்கு வெறும் பிஎஸ்-2 போதும். அந்தக் கோப்பைத் திருத்துவதற்கு முன் அதன் நகல் ஒன்றை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். இது கட்டாயம்.

எல்லாம் சரியாக எழுதியும் அம்புக்குறி தாவித் தாவிப் போகிறதா? ஜிபிஎம் என்ற நிரலைப் பாருங்கள். கறுப்புத் திரையிலும் மவுஸ் வேலை செய்வதற்காக வந்த நல்ல நிரல் அது. ஆனால் 2.4 கர்னல் காலத்தில் ஜிபிஎம்மும் எக்ஸும் ஒரே பிஎஸ்-ஆக்ஸ் கோப்பைத் திறந்தால், வருகிற பைட்டுகளில் இது சிலதை எடுத்துக்கொள்ளும், அது சிலதை எடுத்துக்கொள்ளும். இருவருக்கும் முழுச் செய்தி கிடைக்காது. ஜிபிஎம்மை நிறுத்திப் பாருங்கள். தாவல் நின்றால் காரணம் அதுதான். இரண்டும் வேண்டும் என்றால், ஜிபிஎம் தான் படித்ததை எக்ஸுக்கு ஜிபிஎம்-டேட்டா என்ற கோப்பு வழியாக மறுபடி அனுப்பும் வசதியும் உண்டு.

இவ்வளவு வேலை இன்றைய லினக்ஸில் இல்லை. 2007-க்குப் பிறகு எக்ஸ் மெல்ல மெல்லத் தானாகவே மவுஸைக் கண்டுகொள்ளப் பழகியது. இன்று சொருகியவுடன் அம்புக்குறி அசைகிறது. நல்ல முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வசதியில், நடுவில் என்ன நடக்கிறது என்பது நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. பழைய லினக்ஸ் எதையும் மறைக்காது. கம்பி, கர்னல், கோப்பு, எக்ஸ் என்று நான்கு படியையும் திறந்து காட்டும். தண்டலத்துக் கல்லூரிகளில் படித்துவிட்டு ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே காத்திருப்பது இதே வேலைதான். கன்வேயர் நின்றுவிடும், சென்சார் பதில் தராது. எதையாவது மாற்றிப் பார்ப்போம் என்று கை வைத்தால் பொழுது போகும், பாகமும் வீணாகும். மின்சாரம் வருகிறதா, சிக்னல் வருகிறதா, வந்த சிக்னல் போய்ச் சேர்கிறதா, சேர்ந்ததைச் சரியாகப் படிக்கிறதா என்று ஒவ்வொரு படியாகக் கேட்கிறவர்தான் லைனை ஓட வைப்பார். அந்தப் பழக்கத்தைச் செலவில்லாமல் கற்றுத் தர ஒரு பழைய கம்ப்யூட்டரும் அசையாத ஒரு மவுஸும் போதும். என் உறுதியான கருத்து இது.

உதவிக்கு ஆளில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990-களின் கடைசியிலிருந்து இயங்கி வருகிறது. காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழு உண்டு. 2012-ல் தொடங்கிய கணியம் என்ற இணைய இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் மின்னூல்களையும் தமிழிலேயே, விலையில்லாமல் தருகிறது. கேள்வியைத் தெளிவாகக் கேட்டால் பதில் சொல்லும் மனசு உள்ளவர்கள் இவர்கள். கேட்பதற்கு முன் நான் சொன்ன நான்கு படியையும் பார்த்து, எது வரை சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "மவுஸ் வேலை செய்யல" என்று மொட்டையாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. "மைஸ் கோப்பில் கிறுக்கல் வருகிறது, எக்ஸில் அசையவில்லை" என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் வழி கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மிகப் பழைய லினக்ஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். தமிழில் தட்டச்சுப் பழக, கணக்கு எழுத, நிரல் எழுதிப் பார்க்க, பாட்டுக் கேட்க அது தாராளமாகப் போதும். அதற்கெல்லாம் இணையம்கூடத் தேவையில்லை.

எல்லா முயற்சியும் பார்த்து, உண்மையிலேயே உயிர் போய்விட்டது என்றால், குப்பையோடு வீசாதீர்கள், வெட்டவெளியில் எரிக்கவும் கூடாது. மானிட்டரிலும் போர்டிலும் ஈயம் போன்ற நஞ்சு இருக்கிறது. மழைத் தண்ணீரோடு அது மண்ணில் இறங்கும். செம்பரம்பாக்கம் ஏரி தண்டலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சென்னை குடிக்கிற தண்ணீர் அது. மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் சேருங்கள்; மின்னணுக் கழிவுக்கென்றே சட்ட விதிகள் இருக்கின்றன.

ஆனால் அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மூலையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரின் துணியை எடுங்கள். வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கம்பி, கர்னல், கோப்பு, எக்ஸ் என்று வரிசையாகப் பாருங்கள். அம்புக்குறி அசைந்துவிட்டால், உங்களுக்கு அது தேவையில்லை என்றாலும், தெருவில் கம்ப்யூட்டர் இல்லாத இன்னொரு பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிடுங்கள்.